நம் மலைப்பாதையை நாமே பராமரிப்போம்



இந்த மாதப் பாடம் சேமிப்பைப் பற்றியோ கடனைப் பற்றியோ இல்லை. நாம் தினமும் நடக்கிற பாதையைப் பற்றி.

மலையில் இருக்கிற நமக்குப் பாதை என்றால் என்ன? ரேஷன் அரிசி வருகிற வழி. பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகிற வழி. மிளகும் காப்பியும் சந்தைக்கு இறங்குகிற வழி. இரவில் ஒருத்திக்குப் பிரசவ வலி வந்தால் டோலி கட்டித் தூக்கிப்போகிற வழியும் அதுதான். டோலி தூக்குகிற நாலு பேரில் ஒருவருக்குக் கால் வழுக்கினால் என்ன ஆகும்? யோசித்துப் பாருங்கள்.

மோட்டார் சாலை வருவதற்கு முன் பெரியகுளம் பக்கமிருந்து கொடைக்கானலுக்கு எல்லோரும் நடைபாதையில்தான் ஏறினார்கள். சாலை வந்ததும் பழைய பாதைகளைக் கவனிக்க ஆளில்லை. ஆனால் வெள்ளகவி போன்ற ஊர்க்காரர்கள் அதற்குப் பிறகும் பல தலைமுறையாக நடந்தே ஏறி இறங்கினார்கள். சாலை எட்டாத ஊருக்கு ஒற்றையடிப் பாதைதான் சாலை.

பாதை எதனால் கெடுகிறது?

நாம் நடப்பதால் இல்லை, தண்ணீரால். மழைத்தண்ணி பாதையில் இறங்கி, வெளியேற வழியில்லாமல் பாதையோடவே ஓடுகிறது. முதல் வருஷம் சின்னக் கோடு. அடுத்த வருஷம் முழங்கால் ஆழப் பள்ளம். அப்புறம் ஓரமாக நடக்கிறோம், ஓரமும் சரிகிறது. ஆகவே பாதையைக் காப்பது என்றால் தண்ணியைப் பாதையை விட்டு வெளியே அனுப்புவதுதான்.

என்ன செய்ய வேண்டும்?

1. முதலில் பார்க்கணும். லேசான தூறலில் குடை பிடித்து இரண்டு பேர் நடந்து பாருங்கள். தண்ணி எங்கே நுழைகிறது, எங்கே தேங்குகிறது என்று கல் வைத்து அடையாளம் செய்யுங்கள்.

2. குறுக்கு வாய்க்கால் வெட்டுங்கள். பாதைக்கு நேர்குறுக்காக வேண்டாம், சாய்வாக, பள்ளத்துப் பக்கம் இறங்குகிற மாதிரி வெட்டணும். வாய்க்காலின் கீழ்ப்பக்கத்தில் பெரிய கற்களைப் பாதிக்கு மேல் மண்ணில் புதைத்து வரிசையாக வையுங்கள். செங்குத்தான இடத்தில் சுமார் 10 மீட்டருக்கு ஒன்று, சரிவு குறைந்த இடத்தில் 25, 30 மீட்டருக்கு ஒன்று போதும்.

3. மூன்றடி அகலப் பாதையில் பள்ளத்துப் பக்க ஓரம் இரண்டு அங்குலம் தாழ்ந்திருக்கட்டும். தண்ணி தானாக வழிந்துவிடும்.

4. பள்ளத்தை வெறும் மண் போட்டு மூடாதீர்கள். அடுத்த மழையிலேயே போய்விடும். அடியில் கல் அடுக்கி, மேலே மண் போட்டு மிதியுங்கள்.

5. பாதையை அடைக்கிற உண்ணிச்செடியை வெட்டுங்கள். கால் வைக்கிற இடம் தெரிந்தால்தான் பாம்புக்குப் பயமில்லாமல் நடக்கலாம். மரத்தை வெட்ட வேண்டாம். வெட்டிய செடிக்குத் தீ வைக்கவும் வேண்டாம். 2018 மார்ச்சில் குரங்கணி மலைக் காட்டுத்தீயில் மலையேற வந்தவர்கள் பலர் உயிரிழந்ததை நாம் மறக்க முடியாது.

மம்பட்டி, கடப்பாறை, அரிவாள், மண் சட்டி இருந்தால் போதும். ஐப்பசி அடைமழைக்கு முன் புரட்டாசியில் ஒரு நாள், மழை முடிந்து தை மாதம் ஒரு நாள். நடுவில் வாய்க்காலில் சருகு அடைத்தால் போகிறவர்கள் காலாலேயே தள்ளிவிடலாம்.

அனுமதி வேண்டுமா?

பாதை காப்புக்காட்டில் இருந்தால் முதலில் வனச்சரகரிடம் எழுத்தில் அனுமதி வாங்குங்கள். வாங்காமல் மம்பட்டி போட வேண்டாம்.

"நாமே இலவசமா செஞ்சா பஞ்சாயத்து கண்டுக்காம விட்ருமே?"

குழுக் கூட்டங்களில் அக்காமார் கேட்கிற கேள்வி இது. நியாயமான கேள்விதான். வாய்க்கால் வெட்டுவது, செடி வெட்டுவது நம் பராமரிப்பு. பாலம், தடுப்புச் சுவர், படிக்கட்டு அரசின் கடமை. இரண்டையும் கலக்கக் கூடாது. கிராம சபையில் கேளுங்கள். 2006 வன உரிமைச் சட்டப்படி, காட்டில் வாழும் மக்களுக்குச் சாலை போன்ற வசதிகள் செய்ய, கிராம சபை பரிந்துரைத்தால், ஒரு வசதிக்கு ஒரு ஹெக்டேருக்குக் குறைவான வனநிலத்தை அரசு ஒதுக்க முடியும். வேலை செய்த குழு கேட்டால் அந்தக் குரலுக்குத் தனி மதிப்பு உண்டு. எந்த இடத்தில் என்ன சேதம் என்று நம் கையில் பட்டியலும் இருக்கும்.

இன்னொன்று. தன்னார்வ வேலை என்றால் பெண்கள் மட்டும் செய்கிற வேலை இல்லை. பாதையில் ஆண்களும்தான் நடக்கிறார்கள். வீட்டுக்கு ஒருவர் என்று ஊர்க்கூட்டத்தில் முடிவு செய்யுங்கள். கர்ப்பிணிகளும் வயதானவர்களும் மண் சுமக்க வேண்டாம். கூலி வேலையை விட்டுத்தான் வர வேண்டும் என்று யாரையும் கட்டாயப்படுத்தவும் வேண்டாம்.

குழுவில் கலந்து பேசுங்கள்:

- நம் பாதையில் டோலி தூக்க முடியாத இடங்கள் எத்தனை?
- அதில் நம்மால் சரிசெய்யக்கூடியது எது? கிராம சபையில் கேட்க வேண்டியது எது?
- புரட்டாசியில் எந்த நாள் வேலை? யார் யார் வருகிறார்கள்?

பேசி முடித்ததும் தீர்மான நோட்டில் எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். அடுத்த கூட்டமைப்புக் கூட்டத்துக்கு வரும்போது அந்த நோட்டையும் கொண்டு வாங்க.