இரண்டால் பெருக்குங்கள், இலக்கங்களைக் கவனியுங்கள்

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கிய பலர் அதிலுள்ள கால்குலேட்டரை வீட்டுக் கணக்குப் போட மட்டும்தான் திறக்கிறார்கள். இந்த மாதம் அதில் ஒரு விளையாட்டு ஆடிப் பார்ப்போம். இந்த விளையாட்டில் நான் அசடு வழிந்த கதையையும் சொல்லிவிடுகிறேன்.

கால்குலேட்டரில் 123456789 என டைப் செய்யுங்கள். பிறகு பெருக்கல் குறி, 2, சமக்குறி. விடை 246913578. நன்றாகப் பாருங்கள். 1 முதல் 9 வரை எல்லா இலக்கங்களும் ஒரே ஒரு முறை வந்துள்ளன, வரிசைதான் மாறியிருக்கிறது. சமக்குறியை மட்டும் மறுபடி தட்டுங்கள். கால்குலேட்டர் விடையை மீண்டும் 2-ஆல் பெருக்கி 493827156 எனக் காட்டும். அடுத்து 987654312. அடுத்து 1975308624. இப்போது பூஜ்யமும் சேர்ந்து பத்து இலக்கங்களும் வந்துவிட்டன. ஐந்தாவது முறை 3950617248. இதிலும் பத்தும் இருக்கின்றன. ஆறாவது முறை 7901234496. இங்கே 4 இரண்டு, 9 இரண்டு. ஆட்டம் முடிந்தது.

எல்லாப் பெருக்கலிலும் இப்படி வராது. 123456789-ஐ 3-ஆல் பெருக்கினால் முதல் முறையே 370370367 என்று வந்து நிற்கும்.

2-க்கு மட்டும் என்ன விசேஷம்? 1-ஐ இரட்டித்தால் 2. 6-ஐ இரட்டித்தால் 12, அதாவது 2 போட்டு மீதி 1. ஆக 1-ம் 6-ம் ஒரே இலக்கத்தைத்தான் தரும். 2-7, 3-8, 4-9, 0-5 ஆகியவையும் இதே மாதிரி ஜோடிகள். ஜோடியில் ஒன்றுக்கு வலது பக்கத்திலிருந்து மீதி 1 வந்து சேர்ந்து, மற்றதற்கு வராமல் இருந்தால்தான் இரண்டும் வேறு வேறாகும். வலது பக்க இலக்கம் 5 அல்லது அதற்கு மேல் இருந்தால் மீதி வரும். 3950617248-ல் கடைசிப் பகுதியைப் பாருங்கள். 7-க்கு வலப்பக்கம் 2, 2-க்கு வலப்பக்கம் 4. இரண்டுக்குமே மீதி வராது. அதனால்தான் அடுத்த விடையில் 44 என்று ஒட்டிக்கொண்டு வந்தது.

இனி என் கதை. வீட்டில் கம்ப்யூட்டர் வாங்கிய புதிதில், "இதுல என்னதான் பண்ணுவ?" என்று அப்பா கேட்டார். இஞ்சினியரிங் படித்துவிட்டு சாஃப்ட்வேர் வேலையில் இருப்பவன் கால்குலேட்டரைத் தட்டிக் காட்டினால் கௌரவம் என்னாவது? சி மொழியில் ஒரு புரோகிராம் எழுதினேன். எத்தனை முறை இரட்டித்தால் இலக்கங்கள் திரும்ப வராமல் இருக்கும் என்று அதுவே எண்ணிச் சொல்லும். 4 என்றது. அப்பா காலண்டர் தாளின் பின்பக்கத்தில் கையால் பெருக்கி 5 என்றார். "எங்கேயோ தப்பு பண்ணிட்டீங்கப்பா" என்றேன். அவர் பேசாமல் தாளை என் பக்கம் திருப்பி வைத்தார். தாளில் தப்பே இல்லை.

ஒவ்வொரு விடையையும் திரையில் காட்டும்படி புரோகிராமை மாற்றினேன். ஐந்தாவது வரியில் -344350048 என்று நின்றது. "ரெண்டால பெருக்கிட்டே போனா மைனஸ் எப்படிப்பா வரும்?" என்றார் அப்பா.

காரணம் இதுதான். நான் எண்ணை வைத்த இடம் 32 பிட் அளவுள்ளது. அதில் 2147483647 வரைதான் கொள்ளும். 1975308624 அதற்குள் அடங்கிவிட்டது. 3950617248 அடங்கவில்லை. அப்போது 4294967296 கழிந்து மிச்சம் மைனஸில் நிற்கிறது. பைக் மீட்டர் 99999-க்குப் பிறகு பூஜ்யத்துக்குத் திரும்புவது போல. இதில் மோசமான விஷயம், புரோகிராம் எந்த எச்சரிக்கையும் தரவில்லை. 4 என்று தைரியமாகச் சொன்னது. நானும் அதை நம்பி அப்பாவைத் திருத்தப் போனேன்! இடத்தை 64 பிட்டாக மாற்றியதும் 5 வந்தது. பெரிய நிறுவனங்களுக்கும் இந்த எல்லை தொல்லைதான். 2014 டிசம்பரில் 'கங்னம் ஸ்டைல்' பாட்டைப் பார்த்தவர்களின் எண்ணிக்கை இதே 2147483647-ஐ நெருங்கியபோது, யூடியூப் தன் கணக்கை 64 பிட்டுக்கு மாற்றியது.

நீங்களும் பார்க்கலாம். விண்டோஸ் கால்குலேட்டரின் மெனுவில் புரோகிராமர் வகையைத் தேர்வு செய்யுங்கள். 3950617248 என டைப் செய்து, க்யூவேர்ட் என்று இருப்பதை டிவேர்ட் என மாற்றுங்கள். அந்த மைனஸ் எண் வரும்.

எக்ஸெலில் இந்தத் தொல்லை இல்லை. அது 15 இலக்கம் வரை சரியாக வைத்துக்கொள்ளும். ஏ1 செல்லில் 123456789 போடுங்கள். ஏ2-வில் சமக்குறி தட்டி, ஏ1-ஐக் கிளிக் செய்து, *2 என அடித்து எண்டர் தட்டுங்கள். ஏ2-வின் வலது கீழ் மூலையிலுள்ள சிறு கட்டத்தைப் பிடித்துக் கீழே இழுத்தால் முழுப் பட்டியலும் வந்துவிடும். எண்ணுக்கு நடுவே 'ஈ' எழுத்து தெரிந்தால் காலத்தை அகலமாக்குங்கள்.

அடுத்து ஏ1-ல் வெறும் 1 போட்டுப் பாருங்கள். 512, 1024 என்று மெமரி விளம்பரத்தில் பார்த்த எண்களெல்லாம் வரும். இதில் 15 முறை இரட்டித்து 32768 வரை இலக்கம் திரும்பாது, 65536-ல்தான் முறியும். 987654321 போட்டால் மூன்றாவது முறை 7901234568, பத்தும் வேறு வேறு. நான்காவது முறை 15802469136. அது 11 இலக்க எண். நம்மிடம் இருப்பதோ பத்தே இலக்கங்கள்.