வக்கீல் என்னும் அமானத்

'வக்கீல்' என்ற சொல் நமக்குப் புதிதன்று. நிக்காஹ் மஜ்லிஸில் மணப்பெண்ணின் சம்மதத்தைக் கேட்டு வந்து, அவள் சொன்னதைச் சொன்னபடியே சபைக்குத் தெரிவிப்பவர் வக்கீல். ஒரு சொல்லைக் கூட்டவும் குறைக்கவும் அவருக்கு உரிமையில்லை. அரபு மொழியில் இச்சொல்லுக்குக் காரியம் ஒப்படைக்கப்பட்டவர் என்பது பொருள். அல்லாஹு தஆலாவின் அழகிய திருநாமங்களில் ஒன்று 'அல்வக்கீல்' என்பதாம். கோர்ட்டில் நமக்காகப் பேசுகிறவரையும் நாம் இப்பெயராலேயே அழைக்கிறோம்.

இப்பாடத்தில் அத்தகையோரில் ஒரு பிரிவினரைப் பற்றி, அதாவது நாடு விட்டு நாடு வந்தவர்களுக்காக வழக்காடும் குடிநுழைவு வக்கீல்களைப் பற்றி ஆராய்வோம். இது தனித்தொழிலாக நன்கு வளர்ந்திருக்கும் நாடு அமெரிக்கா. ஆகவே உதாரணங்களை அங்கிருந்து எடுத்துக்கொள்கிறோம். படிப்பினையோ, கடல் கடந்து வந்து கடை வைத்த நம் சமூகத்துக்கும் உரியதே.

அபிசீனியாவில் நடந்த வழக்கு

கி.பி. 615-ஆம் ஆண்டளவில், மக்கத்துக் குறைஷிகளின் கொடுமை தாங்காத முஸ்லிம்கள் செங்கடலைக் கடந்து அபிசீனியாவில் அடைக்கலம் புகுந்தார்கள். அவர்களைத் திருப்பி அனுப்பக் கோரி, தோல் பொருட்களைக் காணிக்கையாக எடுத்துக்கொண்டு குறைஷிகளின் தூதர் இருவர் நஜ்ஜாஷி மன்னரின் சபைக்கு வந்தனர். மன்னர், ஒரு தரப்பை மட்டும் கேட்டுத் தீர்ப்பளிக்க மறுத்து, முஸ்லிம்களையும் அழைத்தார். அவர்களுக்காக எழுந்து பேசியவர் ஹஸ்ரத் ஜஃபர் பின் அபீதாலிப் (ரலி) அவர்கள்.

அவர் பேசிய வரிசையைக் கவனியுங்கள். தாங்கள் முன்பு எந்நிலையில் இருந்தார்கள், நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் எதைப் போதித்தார்கள், அதற்காக யார் தங்களைத் துன்புறுத்தினார்கள், இந்நாட்டை ஏன் நாடி வந்தார்கள் என்று ஒன்றன்பின் ஒன்றாக எடுத்துரைத்தார். மறுநாள்தான் உண்மையான சோதனை வந்தது. ஈஸா (அலை) அவர்களைப் பற்றி இவர்கள் கொண்டுள்ள கொள்கை என்ன என்று கிறிஸ்தவ மன்னரிடமே தூதர்கள் மூட்டிவிட்டார்கள். மழுப்பலாக ஒரு பதிலைச் சொல்லித் தப்பியிருக்கலாம். ஆனால் முஸ்லிம்கள் தமக்குள் கலந்துபேசி, வருவது வரட்டும், தமக்குக் கற்பிக்கப்பட்டதையே சொல்வது என்று முடிவு செய்தார்கள். ஜஃபர் (ரலி) அவ்வாறே சொன்னார். மன்னர் காணிக்கைகளைத் திருப்பிக் கொடுத்து, முஸ்லிம்களுக்குப் பாதுகாப்பளித்தார்.

ஆபத்துக்கு அஞ்சி வந்தவர்கள்

இன்று அமெரிக்காவில் அடைக்கலம் கோருகிறவர் நிரூபிக்க வேண்டியதும் ஏறக்குறைய இதுவே. இனம், மதம், தேசியம், அரசியல் கருத்து, ஒரு குறிப்பிட்ட சமூகக் கூட்டத்தைச் சேர்ந்திருத்தல் ஆகிய ஐந்தில் ஒன்றின் காரணமாகத் தமக்குக் கொடுமை நேரும் என்று அவர் காட்ட வேண்டும். 1951-ஆம் ஆண்டின் அகதிகள் உடன்படிக்கையிலிருந்து வந்த இவ்விதி, 1980-இல் அமெரிக்கச் சட்டத்தில் இடம் பெற்றது. விதிவிலக்கான சில காரணங்கள் இருந்தாலன்றி, வந்திறங்கிய ஓராண்டுக்குள் விண்ணப்பம் கொடுத்துவிட வேண்டும். இத்தவணை தெரியாமல் வழக்கை இழந்தவர் அநேகர்.

இன்னொரு விஷயம் நமக்கு வியப்பளிக்கும். கொலைக் குற்றம் சாட்டப்பட்ட ஏழைக்கு அந்நாட்டில் சர்க்கார் செலவில் வக்கீல் உண்டு. ஆனால் நாடு கடத்தும் வழக்கில் நிற்பவருக்கு அந்த உரிமை இல்லை. சொந்தச் செலவில் வைத்துக்கொள்ளலாம். முடியாதவர் தருமச் சங்கங்களின் வக்கீல்களை நாட வேண்டும். அதுவும் கிடைக்காவிட்டால், குழந்தையானாலும், தானே நீதிபதி முன் நிற்க வேண்டியதுதான்.

அத்தகையோருக்கு வக்கீல் செய்யும் வேலை மேடைப் பேச்சன்று. பல நாள் உட்கார்ந்து கேட்பதுதான் வேலை. அடிபட்டு வந்தவருக்கு நடந்தது நினைவிருக்கும், நாள் நினைவிராது. நோன்புக்கு முன்பு என்பார், அறுவடைக்குப் பின்பு என்பார். பழைய அபிசீனியாவாகிய எத்தியோப்பியாவிலிருந்தே இன்று அமெரிக்காவுக்கு அடைக்கலம் கேட்டுச் செல்வோர் உண்டு. அந்நாட்டு ஆண்டுக்கணக்கு நம் கணக்கிலும் ஏழெட்டு ஆண்டு பின்தங்கியது. மாற்றி எழுதுவதில் ஒரு பிழை நேர்ந்தால், மெய் சொன்னவர் பொய்யர் ஆகிவிடுவார். பிறந்த தேதியை உத்தேசமாக எழுதிக்கொண்டு கப்பலேறிய நம் பெரியவர்களை நினைத்தால் இது நமக்கு எளிதில் விளங்கும்.

குடும்பத்தைச் சேர்த்து வைத்தல்

அடுத்தது குடும்ப வழக்குகள். அமெரிக்கப் பிரஜையின் மனைவி அல்லது கணவன், மணமாகாத 21 வயதுக்குட்பட்ட பிள்ளை, பெற்றோர் ஆகியோருக்கு ஆண்டுக்கு இத்தனை பேர் என்ற வரம்பில்லை. பெற்றோரை அழைக்கும் பிள்ளைக்கு மட்டும் 21 வயது நிரம்பியிருக்க வேண்டும். உடன்பிறந்தார், மணமான பிள்ளைகள் போன்றோருக்கு வரம்பு உண்டு. நாட்டுக்கு நாடு உச்சவரம்பும் உண்டு. ஆகையால் சகோதரனை அழைக்க மனுப்போட்டு 20 ஆண்டு காத்திருந்தவர்களும் இருக்கிறார்கள். அழைப்பவர், வருகிறவரைத் தாம் பராமரிப்பதாகக் கையெழுத்திட வேண்டும். அது வெறும் சம்பிரதாயமன்று. கோர்ட்டில் செல்லுபடியாகும் கடன் பத்திரம் போன்றது.

கொடுமைக்காரக் கணவன், 'நான் மனுவைத் திரும்பப் பெற்றால் நீ ஊருக்குப் போக வேண்டியதுதான்' என்று மனைவியை மிரட்டுவதுண்டு. 1994-இல் வந்த ஒரு சட்டப்படி, பிரஜை அல்லது நிரந்தரவாசியாகிய கணவனிடம் வதைபடுகிறவள் அவன் தயவின்றித் தானே மனுச் செய்யலாம். அவனுக்கு அதைத் தெரிவிக்கவும் மாட்டார்கள்.

வக்கீலின் நெஞ்சைச் சோதிக்கும் வேளையும் உண்டு. ஊரில் தாய் மரணப் படுக்கையில் இருக்கிறாள். போய்ப் பார்க்க வேண்டும் என்று ஒருவர் அழுகிறார். அனுமதியின்றி 180 நாளுக்கு மேல் தங்கியிருந்து வெளியே போனால் 3 ஆண்டும், ஓராண்டோ அதற்கு மேலோ தங்கியிருந்தால் 10 ஆண்டும் திரும்பி வரத் தடை உண்டு. இதைச் சொல்லாமல் விட்டால் அவர் மனைவி மக்களைப் பிரிந்து போவார். சொன்னால் தாயின் முகத்தைக் காணாமல் போவார். ஆயினும் வக்கீல் சொல்லியே ஆக வேண்டும். முடிவு செய்கிற உரிமை அவருடையது. உண்மையை மறைக்காமல் எடுத்து வைப்பது வக்கீலின் கடமை.

காகித மகன்

1882-இல் அமெரிக்கா சீனத் தொழிலாளர் வருகையைத் தடுத்துச் சட்டம் இயற்றியது. 1906-இல் சான்பிரான்சிஸ்கோ நகரில் பூகம்பமும் தீயும் பிறப்புப் பதிவுகளை அழித்தன. அதன்பின் சீனர் பலர் தாங்கள் அங்கேயே பிறந்தவர்கள் என்றும், சீனாவில் தங்களுக்கு மகன்கள் உண்டென்றும் எழுதிக் கொடுத்து, அந்த மகன் இடத்தைப் பிறருக்கு விற்றார்கள். இப்படி வந்தவர்களுக்குக் 'காகித மகன்கள்' என்று பெயர். கிராமத்தில் உன் வீட்டுக்கு எத்தனை படி, கிணறு எந்தத் திசை என்றெல்லாம் அதிகாரிகள் கேட்பார்கள். அவர்கள் மனப்பாடம் செய்து வந்து பதில் சொல்வார்கள். சட்டத்தின் அநியாயம் அவர்களை அதற்குத் தள்ளியது மெய்தான். ஆனால் பேரப்பிள்ளைகள் வரையில் அந்தப் பொய்ப் பெயரைச் சுமந்தார்கள்.

இதை வேற்றார் கதையென்று ஒதுக்க நமக்கு வாயில்லை. நம் குடும்பத்துப் பெரியவர் ஒருவர், அக்காள் மகனைத் தம் மகன் என்று எழுதிக் கப்பலேற்றிக் கொண்டுவந்தார். நல்ல எண்ணந்தான், பையன் பிழைத்தான், கடையும் வைத்தான். ஆனால் காகிதத்தில் மாமா அத்தாவானார், அத்தா மாமாவானார். பெற்றவர் ஊரில் மவுத்தானபோது, 'இறந்தவர் உமக்கு யார்?' என்று பாரத்தில் கேட்டிருந்தது. 'மாமா' என்று எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் அவர் ஜனாஸாவுக்குப் புறப்பட்டார். பின்னர் பெரியவரின் சொத்தைப் பாகம் பிரிக்கையில், காகிதத்தின்படி மகன், ஷரீஅத்தின்படி மகனல்ல என்ற சிக்கல் எழுந்து, உறவே கசந்து போயிற்று. பிள்ளைகளை அவர்களைப் பெற்ற தந்தையரின் பெயராலேயே அழைக்க வேண்டும் என்று திருமறை 33-ஆம் அத்தியாயத்தில் கட்டளை இருப்பதன் காரணம் அன்றுதான் எங்களுக்கு விளங்கிற்று.

நாம் செய்ய வேண்டியது

நல்ல வக்கீல் பொய்யைச் சோடித்துத் தருபவர் அல்லர். மெய்யைச் சட்டத்தின் காதில் விழும்படி எடுத்துச் சொல்பவர். வழக்குப் பலவீனமானால் பலவீனம் என்றே சொல்வார். 'எனக்கு ஆள் தெரியும், எதையும் எழுதிக்கொள்ளலாம்' என்று முன்பணம் கேட்பவர் வக்கீலாக இருக்க மாட்டார். அமெரிக்காவில் 'நோட்டாரியோ' என்று பலகை மாட்டிய சிலர் ஏழைகளை இப்படித்தான் ஏமாற்றுகிறார்கள். லத்தீன் அமெரிக்க நாடுகளில் அப்பெயர் சட்டம் படித்தவரைக் குறிக்கும். அமெரிக்காவிலோ கையெழுத்துக்குச் சாட்சி நிற்பவரை மட்டுமே குறிக்கும். பெயரின் மயக்கத்தில் பணமும் போகிறது, தவணையும் போகிறது.

ஆகவே சகோதரர்களே, நம் கடையில் பேரேட்டை எப்படிப் பேணுகிறோமோ அப்படியே குடும்பத்தின் தஸ்தாவேஜுகளையும் பேணுவோம். பிறப்பு, நிக்காஹ், மவுத்து ஆகிய பத்திரங்களில் பெயரும் தேதியும் ஒன்றுபோல் இருக்கின்றனவா என்று இன்றே எடுத்துப் பார்ப்போம். வாசிக்காத பத்திரத்தில் கையெழுத்திடாதிருப்போம். வேலைக்கு வந்த பையனின் பாஸ்போர்ட் அவனுடையது. அதை நம் பெட்டியில் வைத்துப் பூட்டாதிருப்போம். சட்டம் படிக்க விரும்பும் பிள்ளை நம் வீட்டில் இருந்தால், இப்படியும் ஒரு தொழில் உண்டென்று சொல்வோம். அதில் பெருஞ்செல்வம் சேராமலிருக்கலாம். பிரிந்த தாயும் மகனும் சேர்வதைக் கண்ணால் காணலாம்.

அன்று நஜ்ஜாஷியின் சபையில் நின்றவர்களைப் போல், நமக்குப் பாதகமான வேளையிலும் மெய்யே பேசும் உறுதியை அல்லாஹு தஆலா நமக்குத் தந்தருள்வானாக. ஆமீன்.