நான்காம் படிவத்துக் கணிதம்

கேள்வி: நான்காம் படிவத்தில் பயிலும் என் மகனுடைய கணிதப் புத்தகத்தில், நான் படித்திராத பாடங்கள் பல இருக்கின்றன. இவற்றால் பிரயோஜனம் உண்டா?
— ஒரு தாயார், கிள்ளான்

பதில்: அம்மா, தங்கள் கவலை நியாயமானதே. கே.எஸ்.எஸ்.எம். எனப்படும் இடைநிலைப் பாடத்திட்டம் 2017இல் முதலாம் படிவத்தில் ஆரம்பமாகி, 2020இல் நான்காம் படிவத்தையும் 2021இல் ஐந்தாம் படிவத்தையும் வந்தடைந்தபோது, சொந்த நிதி நிர்வாகமும், காப்புறுதியும், வரிவிதிப்பும், கணித மாதிரியாக்கமும் அதில் ஸ்தானம் பெற்றன.

இவற்றோடு நான்காம் படிவத்தில் உள்ள வலையமைப்பு என்னும் பாடத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். கிள்ளானில் கொமுட்டர் ரயில் ஏறி, ஷா ஆலம், சுபாங் ஜெயா வழியாகப் பிரிக்பீல்ட்ஸை ஒட்டிய கே.எல். சென்ட்ரலில் இறங்கும் ஒருவருக்கு, நிலையங்கள் புள்ளிகளாகவும், தண்டவாளங்கள் கோடுகளாகவும், ஒவ்வொரு கோட்டின்மேலும் குறித்த நிமிஷமோ கட்டணமோ அதன் மதிப்பாகவும் அமைய, எந்த வழி உசிதமானது என்று தீர்மானிக்கக் கற்பிப்பதே அப்பாடம்.

நிதி நிர்வாகப் பாடமும் இவ்வாறே அன்றாட வாழ்வை ஒட்டியது. ஆகவே, ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலையில் மகனோடு உட்கார்ந்து, மின்கட்டணச் சீட்டையும் மளிகைக் கணக்கையும் அவன் கையில் கொடுத்து, மாதச் செலவுத் திட்டம் ஒன்றை எழுதச் சொல்லுங்கள். தாங்கள் படித்திராத பாடத்தில் தாங்கள் அறிந்த விஷயம் எவ்வளவு இருக்கிறது என்பதை இருவரும் சேர்ந்தே காண்பீர்கள்.