இல்லக் கோழி வளர்ப்பும் முட்டை வாணிகமும்

பெருந்தொழில்களைப் பற்றிப் பேசுவார் பலர். கொல்லைப்புறத்துச் சிறுதொழிலைப் பற்றி எண்ணுவார் சிலரே. ஆறு கோழிகளை வளர்த்து அவை இடும் முட்டைகளை விற்றல் அறிவு வேண்டாத எளிய வேலை என்பது பொதுவான கருத்து. அக்கருத்துப் பொருந்தாது என்பதையும், மயிலாப்பூர், தியாகராய நகர், அடையாறு முதலிய சென்னைத் தென்பகுதிகளில் இத்தொழிலை மேற்கொள்ள விழைவோர் அறியவேண்டுவன இவை என்பதையும் ஈண்டுச் சுருங்கக் கூறுவோம்.

பெயரும் பழமையும்

தமிழ் பயில்வோராகிய நாம் முதற்கண் சொல்லை நோக்குவோம். தொல்காப்பியர் மரபியலில் பெண்பாற் பெயர்களை வகுக்குமிடத்து, அளகு என்னும் பெயரைக் கோழிக்கும் கூகைக்கும் உரியதாகக் கூறினார். சோழர் தலைநகராகிய உறையூர்க்குக் கோழி என்பதும் ஒரு பெயர். ஆங்கு ஒரு கோழி யானையை எதிர்த்து வென்றதென்பது வழிவழி வந்த கதை. முருகன் கொடியில் நிற்பது சேவல். நம் ஆண்டவரோ, எருசலேமை நோக்கி இரங்கியபோது, தம் அன்பிற்குக் குஞ்சுகளைச் சிறகின்கீழ்ச் சேர்த்துக்கொள்ளும் கோழியையே உவமையாக எடுத்தார். இவ்வளவு பழகிய உயிராயினும், இதன் இயல்பை நம்மிற் பலர் சரிவர அறிந்திலோம்.

சேவல் வேண்டுமோ?

சேவல் இல்லையேல் முட்டை இல்லை என்பது பலர் நம்பிக்கை. இது பிழை. பருவம் எய்திய பெட்டை சேவலின்றியே முட்டையிடும். அம்முட்டை குஞ்சு பொரியாது என்பதே வேற்றுமை. விற்பனைக்கு அதுவே ஏற்றது. கருவுற்ற முட்டையினுள், கத்திரி வெயிற்காலத்து வெப்பத்தில், அடை வைக்காமலே கரு வளரத் தொடங்கிவிடும். கருவுறாத முட்டையோ கூடுதல் நாள் கெடாதிருக்கும். மேலும், நகரத்தில் சுவரோடு சுவராக வாழ்வோர்க்குச் சேவலின் வைகறைக் கூவல் பெருந்தொல்லை. அன்று பேதுருவைத் தெருட்டி அழச்செய்த கூவல், இன்று அண்டை வீட்டாரை வெகுண்டெழச் செய்யும். ஆதலின் பெட்டைகளை மட்டும் வளர்த்தலே அறிவுடைமை.

இடமும் கூடும்

தியாகராய நகர் 1920-களில் மாம்பலத்து ஏரி நிலத்தில் எழுந்தது. தோட்டம் சூழ்ந்த வீடுகள் மலிந்திருந்த அப்பகுதியில் இன்று அடுக்குமாடிகளே மிகுதி. மயிலையின் பழைய தெருக்களிலும் அடையாற்றின் சில மனைகளிலும் கொல்லைப்புறம் இன்னும் எஞ்சியுள்ளது. அத்தகைய இடம் உள்ளாரும், மாநகராட்சியின் விதிகளை முதலில் கேட்டறிதல் வேண்டும். அதன்பின் அண்டையாரின் இசைவையும் பெறல் வேண்டும். மயிலையில் முட்டையைக் கையாலும் தீண்டாத இல்லங்கள் பல. அவர்கள் வாயிலருகே கூட்டை வைத்துவிட்டு நம் உரிமை பேசுதல் பண்பன்று.

கோழி ஒன்றிற்குக் கூட்டினுள் 2 சதுர அடியும், வெளியே உலாவ 8 முதல் 10 சதுர அடியும் வேண்டும். ஆறு கோழிகளுக்கு முட்டையிடும் பெட்டி இரண்டு போதும். கோழிக்கு வியர்வைச் சுரப்பி இல்லை. வாயைத் திறந்து இளைத்தே வெப்பத்தைப் போக்கும். ஆதலின் சித்திரை, வைகாசியில் நிழலும் குளிர்ந்த நீரும் இன்றியமையாதன. ஐப்பசி, கார்த்திகை மழையில் தரை ஈரமானால் குஞ்சுகளுக்கு இரத்தக்கழிச்சல் காணும். ஆகவே கூடு மேட்டில் அமைதல் நன்று. பகலில் காகமும் பருந்தும் கீரியும், இரவில் பூனையும் பெருச்சாளியும் பகை. கம்பி வலையின் கண் சிறிதாயிருத்தல் வேண்டும். அந்தி சாய்ந்ததும் கதவை அடைக்க மறத்தல் கூடாது.

இனமும் உணவும்

நம் நாட்டுக்கோழி ஆண்டிற்கு ஏறத்தாழ 60 முதல் 80 முட்டைகளே இடும். சில நாள் இட்டதும் அடைகாக்க உட்கார்ந்துவிடும். பண்ணைகளில் வளரும் வெள்ளை லெகார்ன் வழிவந்த கோழி 300 முட்டை வரை இடும். இவ்விரண்டிற்கும் இடைப்பட்டன, கொல்லை வளர்ப்பிற்கென உருவாக்கப்பட்ட நிறக்கோழிகள். அவற்றுள் ஒன்றன் பெயர் நமக்கு உவகை தருவது. தியாகராய நகரை அடுத்த நந்தனத்தில் கோழி ஆராய்ச்சி நிலையம் ஒன்று பல்லாண்டு இயங்கிற்று. பின்னரே அது மாதவரத்திற்கு மாறியது. அந்நிலையத்தார் உருவாக்கிய கோழி 'நந்தனம் கோழி' என்றே வழங்குகின்றது. தமிழ்நாட்டுச் சிற்றூர்க் கொல்லைகளில் நம் நகரத்துப் பகுதியொன்றின் பெயர் இங்ஙனம் மேய்ந்து திரிகின்றது.

முட்டை ஒன்று கோழியின் வயிற்றில் உருவாக ஏறத்தாழ 25 மணி நேரம் ஆகும்; அதில் பெரும்பகுதி ஓடு அமைவதிலேயே கழியும். அவ்வோடு சுண்ணச்சத்தால் ஆயது. எனவே தீவனத்தோடு கிளிஞ்சல் தூளும் வைத்தல் வேண்டும்; இன்றேல் ஓடு மெலிந்து உடையும். அடுக்களைக் கழிவையும் கீரைத்தண்டையும் கொடுக்கலாம். பூஞ்சணம் பிடித்த தானியம் நஞ்சாகும்.

முட்டையின் கணக்கு

இனி, பலரும் போட்டுப்பாராத கணக்கு ஒன்றைக் காண்போம். நல்ல நிறக்கோழி ஆறு உள்ளன. நாளொன்றுக்கு ஒரு கோழி 110 கிராம் தீவனம் உண்ணும். ஆண்டிற்கு 180 முட்டை இடும் எனக் கொள்வோம். மாதத்திற்குத் தீவனம் ஏறத்தாழ 20 கிலோ, முட்டை 90. எனவே ஒரு முட்டைக்குச் சென்ற தீவனம் 220 கிராம். அதுபோல் நாட்டுக்கோழி ஆறு, நாளொன்றுக்கு 80 கிராம் உண்டு, ஆண்டிற்கு 70 முட்டை இடுமாயின், மாதத்திற்குத் தீவனம் 14 கிலோவிற்குச் சற்று மேல், முட்டையோ 35. ஒரு முட்டைக்கு 400 கிராமிற்கு மேற்படுகின்றது. சிற்றூரில் கோழி மேய்ந்து பாதி வயிறு நிரப்பிக்கொள்ளும். மதில் சூழ்ந்த நகரத்து மனையில் அஃது இயலாது. இதனோடு மருந்து, கூடு, இறந்துபடும் கோழி ஆகியவற்றின் செலவையும் சேர்த்தே விலை குறித்தல் வேண்டும்.

நாட்டு முட்டையின் விலை உயர்வுக்குக் காரணம் இதுவே. இவ்வுயர்விலிருந்தே ஒரு வஞ்சகமும் பிறக்கின்றது. பண்ணையின் வெள்ளை முட்டையைத் தேயிலைச் சாற்றில் தோய்த்துப் பழுப்பாக்கி, நாட்டு முட்டை என விற்பார் உளர். உண்மையில் ஓட்டின் நிறம் கோழியின் இனத்தைப் பொறுத்தது. மஞ்சட்கருவின் நிறம் அது உண்ட கீரையையும் சோளத்தையும் பொறுத்தது. நிறத்தால் ஊட்டத்தில் பெரிய வேறுபாடு இல்லை. நாமக்கல் வட்டாரத்துப் பண்ணைகளின் வெள்ளை முட்டையை எளிதென்று இகழ்தலும் தகாது. தமிழ்நாட்டுச் சத்துணவில் 1989ஆம் ஆண்டு முதல் இடம்பெற்ற முட்டை, எத்தனையோ ஏழைச் சிறுவரின் உடலை வளர்த்துள்ளது.

நோயும் ஒரு பாடமும்

கோழிக்குப் பெரும்பகை வெள்ளைக்கழிச்சல் நோய். இமயமலைச் சாரலிலுள்ள இராணிகேத் என்னும் ஊரின் பெயராலும் இது வழங்கும். கோழி தலை தொங்கி, மூச்சுத் திணறி, பச்சையும் வெள்ளையுமாய்க் கழிந்து, கழுத்துத் திருகி இறக்கும். வந்தபின் தீர்க்கும் மருந்து இல்லை. வருமுன் காக்கும் தடுப்புமருந்தே உண்டு. குஞ்சு பொரித்த முதல் வாரத்தில் கண்ணில் சொட்டாகவும், எட்டாம் வாரத்தில் இறக்கையின்கீழ் ஊசியாகவும் இடுதல் வழக்கம்.

இதனை யாம் நூலில் மட்டும் கற்றிலேம். சாந்தோமில் எம் இல்லத்தின் பின்புறம் எட்டுக் கோழிகள் இருந்தன. அவற்றின் முட்டைப் பணத்தை எம் பாட்டியார் எமது கல்லூரிக் கட்டணத்திற்கெனத் தனியே சேர்த்து வந்தார். எட்டாம் வாரத்து ஊசியைத் தேர்வு நெருங்கியதென்று யாமே தள்ளிப்போட்டோம். ஒரு மாசி மாதத்தில், மூன்று நாட்களுள் ஐந்து கோழிகள் மடிந்தன. எஞ்சிய மூன்றும் அன்று நலமாகவே தோன்றின. அவற்றை நல்ல விலைக்கு வாங்க ஒருவர் வந்தார். விற்றால் கட்டணத்தில் ஒரு பகுதி தேறும் என்று யாம் தூண்டினோம். பாட்டியாரோ, "நம் வீட்டுத் துயரத்தை விலைக்கு விற்று இன்னொரு வீட்டில் ஏற்றலாமா, தம்பி?" என்று வினவி, வந்தவரிடம் நோயின் செய்தியைச் சொல்லி அனுப்பிவிட்டார். நான்காம் நாளில் அம்மூன்றும் இறந்தன. அனைத்தையும் ஆழக் குழிதோண்டிச் சுண்ணாம்பிட்டுப் புதைத்தோம். கட்டணத்திற்கு அவ்வாண்டு கடன்பட நேர்ந்தது. ஆயினும், விற்றிருந்தால் பட்டிருக்கக்கூடிய கடன் அதனினும் பெரிது என்பதை இன்று உணர்கின்றோம்.

விற்கும் முறை

முட்டையை நாளுக்கு இருமுறை எடுத்து, அழுக்கிருப்பின் உலர்ந்த துணியால் துடைத்தல் வேண்டும். நீரில் கழுவினால் ஓட்டின் மேலுள்ள இயற்கைப் பூச்சுக் கரைந்து, கிருமி உட்புக வழியாகும். கூர்முனை கீழாக, நிழலில் அடுக்குக. இட்ட நாளைப் பென்சிலால் ஓட்டின்மேல் எழுதுக. ஐயுற்ற முட்டையை நீரிலிட்டுப் பார்க்கலாம்; புதியது அடியில் படுக்கும், பழையது மிதக்கும். நோய்க்கு மருந்து உண்ட கோழியின் முட்டையைக் கால்நடை மருத்துவர் குறித்த நாள் கழியும்வரை விற்றலாகாது. வாங்குவோர் நான்கைந்து இல்லத்தாராயினும், அவர்கள் நம்பிக்கையே இவ்வாணிகத்தின் முதல்.

முடிவுரை

ஆறு கோழிகள் எவரையும் செல்வராக்கா. ஆயினும் நாள்தோறும் தவறாத உழைப்பையும், வருமுன் காக்கும் அறிவையும், அண்டையாரை எண்ணும் பண்பையும், மறைவிலும் பொய்யாத வாணிகத்தையும் அவை நம்மிடம் கேட்கின்றன. சிறியதில் உண்மையாயிருப்பவனிடமே பெரியது ஒப்புவிக்கப்படும் என்பது நம் மறை கற்பிக்கும் நெறி. எம் கொல்லையில் இவ்வாண்டு மீண்டும் நான்கு பெட்டைகள் மேய்கின்றன. அவற்றிற்கு இடவேண்டிய ஊசி எதனையும், எத்தேர்வு வந்தபோதிலும், யாம் தள்ளிப்போட்டிலேம்.