வேலை தேடிப் பயணம் போகிறவர்களுக்கு

சென்ற மாதம் அஸர் தொழுகை முடிந்ததும் மேலூர்ப் பக்கத்து வாலிபர் ஒருவர் வந்து, "ஹஜ்ரத், துபாய் போகிறேன், துஆச் செய்யுங்கள்" என்றார். என்ன வேலை என்று கேட்டேன். "போய்த்தான் தெரியும், ஏஜெண்ட் விசிட் விசா எடுத்துத் தருகிறார்" என்றார். ஏஜெண்டுக்குக் கொடுக்கத் தாயாரின் நகையை வட்டிக்கு அடகு வைத்திருந்தார். துஆவுக்கு முன் சில விஷயங்களைப் பேச வேண்டியதாயிற்று.

வேலை உறுதியாகாமல் ஊரை விட்டுப் போவது ஷரீஅத்தில் குற்றமல்ல. மூஸா (அலை) அவர்கள் மத்யன் போய்ச் சேர்ந்தபோது அவர்களிடம் வேலையுமில்லை, உணவுமில்லை. ஆனால் வேலை வந்தபோது பேச்சு எப்படி நடந்தது என்பதை ஸூரா கஸஸில் பாருங்கள். எட்டு வருடம், விரும்பினால் பத்து என்று அப்பெரியவர் காலத்தைச் சொல்கிறார். இரண்டில் எதை நிறைவேற்றினாலும் தம்மீது நெருக்கடி கூடாதென்று மூஸா (அலை) கேட்டு, அல்லாஹ்வைச் சாட்சியாக்குகிறார்கள். வேலையும் கூலியும் காலமும் தெளிவாக இருக்க வேண்டுமென்று ஃபிக்ஹு நூல்கள் வற்புறுத்துகின்றன. கூலி இன்னதென்று தெரியாத இஜாரா ஃபாஸிதானது. "போய்த்தான் தெரியும்" என்பது ஒப்பந்தமே ஆகாது.

மதீனா வந்த அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி) அவர்களுக்குத் தம் சொத்தில் பாதியைத் தர ஸஃது இப்னு ரபீஃ (ரலி) முன்வந்தார்கள். அவர்களோ கடைத்தெரு எங்கே என்றுதான் கேட்டார்கள். பாலாடைக்கட்டியும் நெய்யும் விற்றுப் பிழைத்தார்கள். அவர்கள் வட்டிக் கடனோடு கடைத்தெருவுக்குப் போகவில்லை. நம் வாலிபருடைய நிலைமை வேறு. சம்பளம் என்னவென்று தெரியுமுன்பே வட்டி ஓடத் தொடங்கிவிட்டது.

நாட்டுச் சட்டத்தையும் அவரிடம் சொன்னேன். 1983ஆம் ஆண்டின் குடிபெயர்வுச் சட்டப்படி, வெளிநாட்டு வேலைக்கு ஆள் எடுப்பவர் அரசிடம் பதிவு பெற்றிருக்க வேண்டும். அவர் வாங்கத்தக்க கட்டணம் 30,000 ரூபாயும் அதற்குரிய ஜி.எஸ்.டி.யும்தான். பதிவு எண்ணை இ-மைக்ரேட் தளத்தில் சரிபார்க்கலாம். விசிட் விசாவில் போய் வேலை செய்வது அந்நாட்டில் குற்றம்; சம்பளம் தராவிட்டால் முறையிடவும் வழி அடைபட்டுப் போகும். 1978இல் தொடங்கிய தமிழக அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் சென்னையில் இருக்கிறது. அங்கே விசாரிக்காமல், டீக்கடையில் கேட்ட பேச்சை நம்பியா நகையை அடகு வைப்பது?

சென்னைக்கோ பெங்களூருக்கோ போய் அறை எடுத்து வேலை தேடுகிறவர்களும் உண்டு. இவர்கள் அடிக்கடி கேட்பது தொழுகையைப் பற்றி. மதுரையின் கட்டடங்களைத் தாண்டியதுமே கஸ்ரு தொடங்கிவிடும். போன ஊரில் 15 நாள் தங்க நிய்யத் வைத்தால் ஹனஃபி மத்ஹபில் முழுமையாகத் தொழ வேண்டும். ஷாஃபி மத்ஹபில், வந்த நாளும் திரும்பும் நாளும் நீங்கலாக 4 நாள் தங்க எண்ணினாலே போதும், கஸ்ரு கிடையாது. ஆனால் வேலை தேடுகிறவருக்குத் திட்டமான நிய்யத் ஏது? நாளை பதில் வரும், மறுநாள் வரும், வராவிட்டால் ஊர் திரும்புவேன் என்றே நாட்கள் ஓடும். இத்தகையவர் ஹனஃபி சட்டப்படி மாதக்கணக்கில் ஆனாலும் முஸாஃபிர்தான். பனியில் சிக்கி ஆதர்பைஜானில் ஆறு மாதம் தங்க நேர்ந்த இப்னு உமர் (ரலி) கஸ்ராகவே தொழுதார்கள் என்று அறிவிப்பு உண்டு. ஷாஃபியில் இந்தச் சலுகைக்கு 18 நாள் எல்லை. எந்த மத்ஹபானாலும் உள்ளூர் இமாமின் பின்னால் தொழுதால் நான்கு ரக்அத்தையும் பூர்த்தி செய்ய வேண்டும். இதில் பலர் தவறுகிறார்கள்.

வேலை கிடைத்து அங்கேயே தங்க நிய்யத் வைத்த வேளையிலிருந்து முழுத் தொழுகை. மனைவி மக்கள் மதுரையிலேயே இருந்தால், ஒரு நாள் லீவில் வந்தாலும் இங்கே கஸ்ரு இல்லை.

அந்த வாலிபர் பயணத்தை ஒத்திவைத்திருக்கிறார். ஏஜெண்டிடம் பதிவு எண் கேட்டாராம். இன்னும் பதில் வரவில்லை. நகையை மீட்க அவருடைய மாமா உதவுவதாகச் சொல்லியிருக்கிறார்.