விலையில்லா பேசிக்

கணிப்பொறிக்கு ஆணையிடுவது கணித வல்லுநர்களுக்கே உரிய வித்தை என்றிருந்த காலம் ஒன்று உண்டு. அதை மாற்ற முனைந்தவர்கள், அமெரிக்காவின் டார்ட்மத் கல்லூரிப் பேராசிரியர்கள் ஜான் கெமெனியும் தாமஸ் கர்ட்ஸும். இலக்கியம் பயிலும் மாணவரும் கற்கத்தக்கதாய் அவர்கள் வகுத்த பேசிக் மொழி, 1964 மே முதல் நாள் இயங்கத் தொடங்கியது. அதற்கு அவர்கள் விலை வைக்கவில்லை.

1975இல் ஆல்டேர் 8800 என்னும் சிறு கணிப்பொறி வீடுகளுக்கு வந்தது. அதற்கான பேசிக்கை பில் கேட்ஸும் பால் ஆலனும் எழுதினர், இது விலைக்கு. பலர் வாங்காமல் படியெடுத்துக்கொண்டனர். ஆல்டேர் வைத்திருப்போரில் பத்தில் ஒருவர்கூட பேசிக்கை வாங்கவில்லை என்று 1976 பிப்ரவரியில் கேட்ஸ் திறந்த மடல் எழுதினார். உழைத்தவர் கூலி கேட்பதைத் தவறென்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் கையில் காசில்லாதவன் கற்பது எப்படி? எங்கள் குடும்பத்தில் கல்லூரிக்கு வந்த முதல் ஆள் நான் என்பதால் இக்கேள்வி சற்று உறைக்கவே செய்கிறது.

விடை அம்மடலுக்கு முன்பே பிறந்துவிட்டது. கலிபோர்னியாவின் ‘பீப்பிள்ஸ் கம்ப்யூட்டர் கம்பெனி’ இதழில் 1975இல் டென்னிஸ் அல்லிசன், டைனி பேசிக் என்னும் குட்டி பேசிக்கின் அமைப்பை வெளியிட்டார். ஆயத்தமான நிரலை அன்று, அதைக் கட்டும் முறையை! வாசகர்கள் தாமே நிரல் எழுதி அனுப்பலாயினர். 1976இல் லி-சென் வாங் எழுதியது 2 கிலோபைட்டுக்குள் அடங்கிற்று. ‘காப்பிரைட்’ என்பதைக் குறும்பாகத் திருப்பி, அதன்மேல் ‘காப்பிலெஃப்ட்’ என்று பொறித்தார். டாம் பிட்மன் தம்முடையதை 5 டாலருக்கு விற்றார். அவ்வளவு மலிவானதை யார் திருடுவார்?

குட்டி பேசிக்கில் மாறிகள் 26 மட்டுமே. ஆங்கில எழுத்து ஒவ்வொன்றும் ஒரு பெட்டி. முழு எண்களே உண்டு. 22ஐ 7ஆல் வகுத்தால் விடை 3தான். ஆனால் 2200ஐ 7ஆல் வகுத்துப் பாருங்கள்: 314. இரண்டு இலக்கம் தள்ளிப் புள்ளியை நாம் வைத்துக்கொண்டால் 3.14! விசையைத் தட்டி விடை பார்த்தே பழகிய நமக்கு இந்தக் கட்டாயம் நல்லதென்றே கருதுகிறேன்.

இன்று ஃப்ரீபேசிக் போன்றவை இலவசமாகவே கிடைக்கின்றன. வேடிக்கை என்னவெனில், கேட்ஸும் ஆலனும் நிறுவிய மைக்ரோசாஃப்டே தன் ஜிடபிள்யூ-பேசிக்கின் 1983ஆம் ஆண்டு மூலநிரலை, எவரும் படிக்கவும் திருத்தவும் 2020இல் இலவசமாக வெளியிட்டது. அது அசெம்பிளி மொழியில் உள்ளது. ஆகவே குட்டி பேசிக்கைப் படித்துவிட்டு அதன் பக்கம் போவது நலம்.