மலையேறிப் பெற்ற உரிமை

கி.மு. 509ஆம் ஆண்டில் ரோமானியர்கள் தங்கள் கடைசி மன்னரை விரட்டினர் என்பது அவர்களின் மரபுவழி வரலாறு. இனி அதிகாரம் முழுவதும் ஒருவரிடமே குவியக் கூடாது என அவர்கள் உறுதி பூண்டனர். ஆகவே, ஆண்டுதோறும் இரண்டு 'கான்சல்'களைத் தேர்ந்தெடுத்தனர். ஒருவரின் முடிவை மற்றவர் தடுக்கலாம். ஓராண்டு முடிந்ததும் இருவரும் பதவி விலக வேண்டும். அவர்களுக்கு ஆலோசனை கூற 'செனட்' எனும் அவை இருந்தது.

மன்னராட்சி மறைந்தது, ஆனால், ஏற்றத்தாழ்வு மறையவில்லை. 'பெட்ரீசியர்' எனப்பட்ட உயர்குடியினரே பதவிகளைத் தம் கையில் வைத்திருந்தனர். உழவர், கைவினைஞர் முதலிய பிற மக்கள் 'பிளெபியர்' எனப்பட்டனர். போர் மூண்டால் உழவர்கள் வயலை விட்டுப் படையில் சேர வேண்டும். திரும்பி வரும்போது நிலம் தரிசாகக் கிடக்கும், கடன் பெருகும். கடனைத் தீர்க்க முடியாதவர்கள் கடன் கொடுத்தவரிடம் கொத்தடிமைகளாயினர்.

கி.மு. 494இல் மக்களின் பொறுமை எல்லை கடந்தது. அவர்கள் ரோம் நகரை விட்டு வெளியேறி, அருகிலிருந்த 'புனித மலை'யில் தங்கினர். யாரையும் தாக்கவில்லை, எதையும் கொள்ளையிடவில்லை. ஆயினும், அவர்கள் இல்லாமல் போரிடப் படை ஏது? வேறு வழியின்றி உயர்குடியினர் இணங்கினர். மக்களைக் காக்க 'டிரிபியூன்' எனும் பதவி உருவானது. பிற அதிகாரிகளின் ஆணைகளைத் தடுக்கும் உரிமை காலப்போக்கில் டிரிபியூன்களுக்குக் கிடைத்தது. இன்று ஐக்கிய நாட்டுப் பாதுகாப்பு மன்றம் தொடர்பாக நாம் கேட்கும் 'வீட்டோ' என்பது, 'நான் தடுக்கிறேன்' எனப் பொருள்படும் இலத்தீன் சொல்லே.

அடுத்து, மக்கள் எழுதப்பட்ட சட்டம் கேட்டனர். அதுவரை சட்டம் எழுதப்படாமல் இருந்தது. அதை விளக்கும் அதிகாரம் உயர்குடியினரிடமே இருந்தது. கி.மு. 451-450இல் சட்டங்கள் பன்னிரண்டு பலகைகளில் எழுதப்பட்டுப் பொது இடத்தில் வைக்கப்பட்டன. அச்சட்டங்கள் கடுமையானவைதாம். இரு பிரிவினரும் மணம் புரிவதைக்கூட அவை தடை செய்தன. ஆனால், எழுதியதை எல்லாரும் அறியலாம். அறிந்ததை எதிர்த்துக் கேள்வி கேட்கலாம். கி.மு. 445இல் அந்தத் திருமணத் தடை நீங்கியது. கி.மு. 287இல் பிளெபியர் அவையின் தீர்மானங்கள் அனைவரையும் கட்டுப்படுத்தும் சட்டங்களாயின.

இவ்வெற்றிக்குப் பின்னரும் பெண்களுக்கு வாக்குரிமை இல்லை; அடிமைகளுக்கு விடுதலை இல்லை. அவர்களுக்கென ஏறி நிற்க ஒரு மலை அன்று இருக்கவில்லை.